புது மீனைத் தொட்டியில் விடும் முன்: வேலூர் தண்ணியிலும் வெயிலிலும் தனித்தொட்டி எப்படி வைப்பது?

#1 — தொட்டிவாசி
வணக்கம். மெயின் தொட்டி 3 அடி. உள்ளே கப்பி, பிளாட்டி, கோரி (அடியில மேயுற கெளுத்தி வகை) 6. அடுத்த வாரம் சென்னை கொளத்தூர் மீன் கடையிலிருந்து மோலி 6, ட்வார்ஃப் கவுராமி ஒரு ஜோடி பார்சலில் வருது. தனித்தொட்டிக்கு 2×1×1 அடி கண்ணாடிப் பெட்டி காலியா இருக்கு. போர்த் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு) 1400. கார்ப்பரேஷன் தண்ணியும் வரும், ஆனா நாள் கணக்கு கிடையாது. வீடு சத்துவாச்சாரி, மதியம் ரூம் 36 டிகிரி போகுது. எத்தனை நாள் தனியா வைக்கணும், என்னென்ன மருந்து வாங்கி வைக்கணும்?

#2 — கோட்டை_அகழி
பொதுவா நாலு வாரம் தனியா வைங்க. மருந்துப் பட்டியல் கடைசியில பார்த்துக்கலாம் தம்பி. நம்ம ஊர்ல தனித்தொட்டியில சாகிற மீன்ல பாதிக்கு மேல நோயால சாகிறதில்ல. பழகாத ஸ்பாஞ்ச் ஃபில்டர் (கழிவைத் தின்கிற நல்ல பாக்டீரியா இன்னும் வளராதது), ஏறின அம்மோனியா, சூட்டுல குறைஞ்ச ஆக்சிஜன், இந்த மூணுதான் கொல்லுது. பழியை மட்டும் கடைக்காரன் மேல போட்டுடுறோம்.

பெட்டி அளவு சரி. 2×1×1 முழுக்க நிரப்பினா 56 லிட்டர். மூணு அங்குலம் குறைச்சு நிரப்பினா, கண்ணாடி கனத்தையும் கழிச்சு, 40 லிட்டர்னு வெச்சுக்கோங்க. எல்லா மருந்துக் கணக்கும் இந்த 40-ஐ வெச்சுதான். வெளிப்பக்கம் அந்த மட்டத்துல மார்க்கர்ல கோடு போட்டுடுங்க.

மணல், கல், செடி எதுவும் வேண்டாம். அடி வெறுமையா இருந்தாத்தான் கழிவோட நிறம் தெரியும், உறிஞ்சி எடுக்கவும் வசதி. ஒளிய இடம் இல்லாம விட்டா கவுராமி பயத்துலயே சாப்பிடாது. 3 அங்குல பிவிசி பைப் எல்போ ரெண்டு, T வடிவ இணைப்பு ஒண்ணு போடுங்க. பின்னாடியும் ரெண்டு பக்கமும் கறுப்புச் சார்ட் ஒட்டுங்க. மேல மூடி கட்டாயம், மோலி தாவும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரை இன்னைக்கே மெயின் தொட்டியில போட்டு ஓட விடுங்க. நியாயமா 3, 4 வாரம் ஊறணும். உங்களுக்கு ஒரு வாரம்தான் இருக்கு, அதனால மெயின் ஃபில்டர்ல ஏற்கனவே இருக்கிற பழைய ஸ்பாஞ்சுல ஒரு துண்டு வெட்டி இதோட சேர்த்துக் கட்டுங்க. அந்தத் துண்டைக் குழாய்த் தண்ணியில அலசிடாதீங்க, குளோரின்ல அந்த பாக்டீரியா எல்லாம் போயிடும்.

#3 — ரெட்டைவால்
அகழி அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். பார்சல் ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமான்னு கேளுங்க. முடியாதுன்னா மீன் வந்த முதல் பத்து நாளைக்கு அம்மோனியா டெஸ்ட் தினமும் பாருங்க. லிட்டருக்கு 0.25 மி.கி. தாண்டினா அன்னைக்கே 40 சதவீதம் தண்ணி மாத்தணும். சோறு (மீன் தீனி) ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு நிமிஷத்துல தீர்ற அளவு.

இங்க 0.25-க்கே ஏன் பயப்படணும்னா, அம்மோனியாவோட விஷம் பிஹெச்சையும் சூட்டையும் பொறுத்தது. 30 டிகிரியில பிஹெச் 7 இருந்தா மொத்த அம்மோனியாவுல 100-க்கு 1 பங்குகூட விஷ வடிவத்துல இருக்காது. பிஹெச் 8-ல 7 பங்கு. 8.4 ஆச்சுன்னா 17 பங்கு வரைக்கும் போகும். நம்ம போர்த் தண்ணி காத்து அடிச்சு வெச்சா 8 தாண்டுறது சகஜம். மென்தண்ணி ஊர்க்காரங்க "0.5 வரைக்கும் பரவாயில்ல"ன்னு எழுதறதை இங்க நம்பாதீங்க.

இன்னொரு சூட்சுமம்: மோட்டார் போட்ட உடனே பிஹெச் பார்த்தா 7.2 காட்டும். மண்ணுக்கடியில கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடு அதுல இருக்கும். ஒரு ராத்திரி காத்து அடிச்சா அது வெளியேறி 8.2-க்கு வந்து நிக்கும். அதனால போர்த் தண்ணியை டிரம்முல பிடிச்சு, ஒரு நாள் ஏர்ஸ்டோன் (காத்துக் குமிழ் விடுற கல்) போட்டு, அப்புறம்தான் அளக்கணும், ஊத்தணும்.

#4 — பாலாற்று_அயிரை
டிடிஎஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1400 மோலிக்கு ஒன்றும் செய்யாது, கப்பிக்கும் செய்யாது. ஆனால் 400-இல் இருந்த மீனை அரை மணியில் 1400-க்குத் தள்ளினால் வெளியில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே புரியாமல் ஒவ்வொன்றாகச் சாகும்.

செய்ய வேண்டியது: கடையில் தொட்டி டிடிஎஸ் எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் பாக்கெட் பிரித்ததும் பேனா மீட்டரை அதிலேயே விட்டுப் பாருங்கள். அதற்கு நெருக்கமாக, 100 முன்னே பின்னே, தனித்தொட்டித் தண்ணீரைத் தயார் செய்ய வேண்டும். ஆர்.ஓ. 50, போர் 1400 என்றால் ஒரு குடம் போருக்கு இரண்டு குடம் ஆர்.ஓ. கலந்தால் 500 வரும். பிறகு தினமும் கொஞ்சம் போர்த் தண்ணீர் சேர்த்து நாளைக்கு 100 முதல் 150 வரை ஏற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் மெயின் தொட்டி அளவுக்கு வந்துவிடும். தனித்தொட்டியின் பாதிப் பயன் இதுதான் என்பேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் இடங்களுக்கு அருகில் போர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மீட்டர் மொத்த உப்பை மட்டுமே சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. அங்கே போரை மறந்துவிட்டு ஆர்.ஓ.வோடு காவிரித் தண்ணீரைக் கலப்பதே நல்லது. காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஹைப்போ (குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்) 10 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 40 லிட்டருக்கு 3 மி.லி. போதும். லிட்டருக்கு 1 மி.கி. குளோரினுக்கு அது கணக்கு. ப்ளீச்சிங் வாசனை தூக்கலாக அடிக்கும் நாளில் இரட்டிப்பாகப் போடலாம், கெடுதல் இல்லை.

#5 — தொட்டிவாசி
நன்றி எல்லாருக்கும். பாக்கெட்டைத் தொட்டியில மிதக்க விட்டு, சொட்டுச் சொட்டா ஒரு மணி நேரம் தண்ணி விட்டுப் பழக்கணும்னு கேள்விப்பட்டேன். அப்படியே செய்யலாமா?

#6 — ரெட்டைவால்
பக்கத்துக் கடையில வாங்கி அரை மணியில கொண்டு வந்தா செய்யலாம். பார்சலுக்கு வேண்டாம்.

மூடின பாக்கெட்டுக்குள்ள மீன் விடுற மூச்சுல கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஹெச் இறங்கிடும். அம்மோனியாவும் சேரும், ஆனா பிஹெச் கம்மியா இருக்கிறதால அது மீனை ஒண்ணும் பண்ணாது. நீங்க முடிச்சை அவிழ்த்த நிமிஷத்துல கார்பன் டை ஆக்சைடு பறக்கும், பிஹெச் ஏறும், அத்தனை அம்மோனியாவும் விஷமா மாறும். அதுல நம்ம 8.2 தண்ணியைச் சொட்டு விட்டா எரியற அடுப்புல எண்ணெய் ஊத்தின கதைதான்.

முடிச்சு அவிழ்க்காம 15-20 நிமிஷம் மிதக்க விடுங்க, சூடு மட்டும் சமமாகட்டும். அப்புறம் பிரிச்சு, டிடிஎஸ் பார்த்து (தொட்டியில ஆர்.ஓ.வோ போரோ ஒரு குடம் ஊத்திச் சரிபண்ண பக்கத்துலயே வெச்சிருங்க), வலையில ஏந்தி மீனை மட்டும் தொட்டியில விடுங்க. பாக்கெட் தண்ணி ஒரு சொட்டுகூட உள்ள போகக் கூடாது. லைட் அன்னைக்கு முழுக்க ஆஃப். சோறு மறுநாள்தான்.

கடைக்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லி 24 மணி நேரம் பட்டினி போட்டுக் கட்டச் சொல்லுங்க. வழியில கழிவு குறையும்.

#7 — ஆம்பூர்_ஆஸ்கர்
எல்லாரும் தண்ணியைப் பத்தியே பேசறீங்க, கிருமியை விட்டுட்டீங்க. என் வழி வேற. வந்த அன்னைக்கே உப்பு, மூணாம் நாள் ப்ராசிகுவான்டல் (தட்டைப் புழுவுக்கு), அடுத்த வாரம் லெவாமிசோல் (உருளைப் புழுவுக்கு), அப்புறம் மெட்ரோனிடசோல் (குடல் ஒட்டுண்ணிக்கு). நோய் தெரிஞ்சாலும் தெரியாட்டியும் கோர்ஸ் முடிச்சுத்தான் மெயின் தொட்டி. கண்ணுக்குத் தெரியாத செவுள் புழுவை எப்படிப் பார்த்துக் கண்டுபிடிப்பீங்க?

#8 — கோட்டை_அகழி
ஆஸ்கர், நாலு மருந்துல ரெண்டை ஒத்துக்கறேன், ரெண்டை ஒத்துக்க மாட்டேன்.

உப்பு சரி. லிட்டருக்கு 2 கிராம், அதாவது 40 லிட்டருக்கு 80 கிராம், ஒரே நாள்ல போடாம ரெண்டு நாளா பிரிச்சு. லாங் பஜார்ல கிடைக்கிற கல் உப்பு போதும். தனியா கரைச்சு, துணியில வடிகட்டி ஊத்துங்க, அடியில மண் நிக்கும். அயோடின் உப்பு போட்டா மீன் செத்துடும்னு சொல்றது சும்மா. அதுல இருக்கிற அயோடின் ஒண்ணும் பண்ணாது. ஸ்பூன் கணக்கு மட்டும் வேண்டாம், கல் உப்பும் தூள் உப்பும் ஒரு ஸ்பூன்ல ஒரே எடை இருக்காது. தராசுல நிறுத்துப் போடுங்க. உப்பு மீனுக்குச் சளிப் படலத்தைக் காக்கும், புது ஸ்பாஞ்சுல நைட்ரைட் (அம்மோனியாவை பாக்டீரியா சிதைக்கும்போது வர்ற விஷம்) ஏறினா அது ரத்தத்துல போகாம உப்புல இருக்கிற குளோரைடு தடுக்கும். கோரி, லோச் (அயிரை வகை) மாதிரி உப்பு தாங்காத மீன் வந்தா லிட்டருக்கு 1 கிராமோட நிறுத்திக்கோங்க.

உப்பு ஆவியாகாது. அக்னி நட்சத்திரத்துல தண்ணி மட்டம் ஒரு நாளைக்கு ஒரு விரல் இறங்கினா, நிரப்புறது வெறும் ஆர்.ஓ. தண்ணிதான். தண்ணி மாத்தும்போதுதான் உப்பு சேர்க்கணும், அதுவும் மாத்தின அளவுக்கு: 12 லிட்டர் எடுத்தா 24 கிராம். இதைக் குழப்பிக்கிட்டு தினம் உப்பு போட்டா ரெண்டு வாரத்துல கடல் தண்ணி ஆயிடும்.

ப்ராசிகுவான்டலும் சரி. செவுள் புழு கண்ணுக்குத் தெரியாது, மருந்தும் மீனுக்கு ரொம்ப மென்மையானது, ஸ்பாஞ்ச் பாக்டீரியாவைத் தொடாது. ஆனா மூணாம் நாள் வேண்டாம், சோறு ஒழுங்கா எடுக்க ஆரம்பிச்ச பிறகு.

லெவாமிசோலும் மெட்ரோனிடசோலும் அறிகுறி பார்த்துத்தான். மெட்ரோனிடசோலைச் சும்மா ஊத்தி ஊத்திக் கிருமிக்குப் பழக்கிவிட்டா, நிஜமா தேவைப்படும்போது கேக்காது.

#9 — ஆம்பூர்_ஆஸ்கர்
மெட்ரோனிடசோல் சரி, விட்டுடறேன். லெவாமிசோல் விட மாட்டேன். மோலி, கப்பி எல்லாம் பண்ணைச் சிமென்ட் தொட்டியில வளர்ந்தது. குடல்ல இருக்கிற காமலானஸ் உருளைப் புழு ஆசனவாய்ல சிவப்பு நூல் மாதிரி வெளிய தெரியறதுக்குள்ள உங்க நாலு வாரம் முடிஞ்சுடும். அந்தப் புழுவை ப்ராசிகுவான்டல் ஒண்ணும் செய்யாது, அது தட்டைப் புழுவுக்கு.

அளவு, கேக்கறவங்களுக்காக:
ப்ராசிகுவான்டல் லிட்டருக்கு 2.5 மி.கி., 40 லிட்டருக்கு 100 மி.கி. மனுஷ மாத்திரை 600 மி.கி., அதுல ஆறுல ஒரு பங்கு. நைசா பொடிச்சு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணி பாட்டில்ல போட்டு நல்லா குலுக்குங்க, மெதுவாத்தான் கரையும். ஒரு வாரம் கழிச்சு 50 சதவீதம் தண்ணி மாத்தி மறுபடி அதே அளவு. ரெண்டாவது டோஸ் எதுக்குன்னா, செவுள் புழுவுல முட்டையிடுற வகை இருக்கு, முட்டையை மருந்து கொல்லாது. பொரிச்சு வந்த பிறகு பிடிக்கணும்.
லெவாமிசோல் லிட்டருக்கு 2 மி.கி., 40-க்கு 80. லைட் அணைச்சு, தொட்டியை மூடி, 24 மணி நேரம். இது புழுவைக் கொல்லாது, மயக்கிக் கீழ தள்ளும். அதனால மறுநாள் அடியை முழுக்க உறிஞ்சி, முக்கால் தண்ணி மாத்தணும். விட்டுட்டா மயக்கம் தெளிஞ்ச புழுவை மீனே தின்னும். மூணு வாரத்துல மறுபடி ஒரு தடவை.

கால்நடை மருந்துக் கடையில நாய்க்குக் குடுக்கிற மாத்திரை வாங்கினா, கூட வேற மருந்து கலந்திருக்கும். அட்டையைப் படிச்சுட்டு வாங்குங்க.

#10 — குடியாத்தம்_கப்பி
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். கோல்டு ஃபிஷ்ஷுக்கும் இதே நாலு வாரம்தானா?

#11 — பாலாற்று_அயிரை
இல்லை, ஆறு வாரம். மண் குளத்தில் வளர்ந்த கோல்டு ஃபிஷ், கோய் இரண்டிலும் நங்கூரப் புழு வரும். உடம்பில் செருகி நிற்கும் பச்சை கலந்த வெள்ளைக் குச்சிதான் பெண் புழு. அதைப் பார்க்கும்போதே முட்டை போட்டிருக்கும். நம் சூட்டில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஏறத்தாழ மூன்று வாரம். ஒரு சுற்று கண்ணுக்குத் தப்பினால் இரண்டாம் சுற்றில்தான் தெரியும். அதனால்தான் ஆறு.

குச்சியை வெறுமனே இழுத்தால் தலை உள்ளேயே அறுந்து நிற்கும். மீனை ஈரத் துணியில் பிடித்து, கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டிப் பற்றி, செதில் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுக்கவும். காயத்தில் பஞ்சால் ஒரு தொடுப்பு பொவிடோன் அயோடின், செவுளில் படாமல். மீன் பேன் என்றால் தட்டையாக, பொட்டு அளவில், உடம்பில் ஓடும். அதையும் ட்வீசரால் எடுக்கலாம். கண்ணாடியில் வரிசையாக முட்டை ஒட்டும், பிளேடால் சுரண்டி எடுத்துவிடவும்.

#12 — தொட்டிவாசி
வெள்ளைப் புள்ளி நோய் வந்தா? 30 டிகிரிக்கு ஹீட்டர் ஏத்தச் சொல்றாங்க. எங்க ரூமே 36!

#13 — ரெட்டைவால்
வேலூர்க்காரருக்கு ஹீட்டர் மார்கழிக்கு மட்டும்தான் :)

வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி, மீன் உடம்புல புள்ளியா இருக்கும்போது எந்த மருந்தும் தொடாது. அது முத்திக் கீழ விழுந்து, அடியில ஒட்டி, நூத்துக்கணக்குல பிரிஞ்சு, நீந்தி வெளிய வரும். அப்படி நீந்துற நேரத்துலதான் சாகும். ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள மீன் கிடைக்கலைன்னா அதுவே செத்துடும். 25 டிகிரியில ஒரு சுற்று ஒரு வாரத்துக்குள்ள முடியும், இங்க இன்னும் சீக்கிரம். சூடு ஏத்துறது இந்தச் சுற்றை வேகப்படுத்தத்தான். உங்களுக்கு வெயிலே அதைச் செஞ்சுடும்.

மருந்தே இல்லாம ஒரு வழி: ரெண்டு பிளாஸ்டிக் டப். தினமும் ஒரே நேரத்துல மீனை மட்டும் புது டப்புக்கு மாத்தணும், ஏழு நாள். விட்டுட்டு வந்த டப்பைக் காலி பண்ணி, தேய்ச்சு, மொட்டை மாடி வெயில்ல காய வைங்க. கீழ விழுந்தது பொரிச்சு வரும்போது மீன் அங்க இருக்காது. இங்க சூட்டுல பொரிக்கிறதும் வேகம், அதனால ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. டப்புல ஸ்பாஞ்ச் இருக்காது, ஏர்ஸ்டோன் மட்டும். அம்மோனியா சேர்றதுக்குள்ள தண்ணியே மாறிடும்.

ஒரு எச்சரிக்கை. வாயைச் சுத்தி, முதுகுல சேணம் மாதிரி, பஞ்சு ஒட்டினாப்பல வெள்ளையா வந்தா அது வெள்ளைப் புள்ளி இல்ல, பூஞ்சையும் இல்ல, காலம்னாரிஸ் பாக்டீரியா. அதுக்குச் சூடு ஏத்தினா ரெண்டு நாள்ல மொத்தமும் காலி. அதுக்குத் தண்ணியை 26-க்கு இறக்கப் பார்க்கணும்.

#14 — கோட்டை_அகழி
சூட்டைப் பத்தி. 25 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 8.2 மி.கி. வரைக்கும் ஆக்சிஜன் கரையும், 35-ல 6.9 தான். அதே சூட்டுல மீனுக்கு மூச்சு அதிகம் தேவை, கவுராமி மட்டும் மேல வந்து வாயால காத்து எடுத்துச் சமாளிக்கும். ஃபார்மலின் மருந்து போட்டிருந்தா ரெண்டு ஏர்ஸ்டோன் இல்லாம ராத்திரி தாண்டாது.

தொட்டியைத் தரையில, வடக்குச் சுவர் ஓரமா வைங்க, மேல் தளம் இல்லாத ரூம் வேண்டாம். மேசை ஃபேனைத் தண்ணி மேல சாய்ச்சு வீச விட்டா 2, 3 டிகிரி இறங்கும். நம்ம ஊர்க் காத்துல ஈரம் கம்மி, அதனால சென்னையைவிட இங்க நல்லா வேலை செய்யும். ஐஸ் பாட்டில் போடாதீங்க, அரை மணியில 5 டிகிரி இறங்கி மறுபடி ஏறுது, வெள்ளைப் புள்ளியை வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிற வேலை அது. மாடித் தொட்டித் தண்ணியை மதியம் பிடிச்சு ஊத்தாதீங்க, காலைல ஆறு மணிக்குப் பிடிச்சு வைங்க.

கரண்ட் போனா ஸ்பாஞ்சுல இருக்கிற பாக்டீரியா சில மணி நேரத்துலயே மூச்சு முட்டும். யுஎஸ்பி ஏர் மோட்டார், பவர் பேங்க் ஒண்ணு. மோட்டார் தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும், இல்லன்னா டியூப்ல நான்-ரிட்டர்ன் வால்வு. பின்னாடி உறிஞ்சித் தரையில ஊத்திடும்.

#15 — ஆம்பூர்_ஆஸ்கர்
பொட்டாசியம் பெர்மாங்கனேட் பத்தி யாராவது கேக்கறதுக்கு முன்னாடி: செடிக்குப் போடுங்க, வந்த வாரத்து மீனுக்குப் போடாதீங்க. லிட்டருக்கு 2 மி.கி., நாலு மணி நேரம்னு அளவு சரிதான். ஆனா பிஹெச் ஏறின கடினத் தண்ணியில மாங்கனீசு செவுள்ல பழுப்பாப் படியும். பார்சல்ல வந்து ஏற்கனவே செவுள் வெந்த மீன் தாங்காது. ஃபார்மலினோட ஒரே இடத்துல வெக்கவும் கூடாது, கலந்தா ஆபத்து.

#16 — தொட்டிவாசி
ட்வார்ஃப் கவுராமிக்குத் தனியா ஏதாவது பார்க்கணுமா?

#17 — பாலாற்று_அயிரை
பார்க்க வேண்டும், செய்ய ஒன்றுமில்லை. அந்த மீனுக்கென்று ஒரு இரிடோ வைரஸ் இருக்கிறது. நிறம் மங்கும், பக்கவாட்டில் புண், வயிறு உப்பல், மூலையில் ஒதுங்கல். மருந்து கிடையாது. இந்த மீனுக்கு மட்டும் ஆறு வாரம் வையுங்கள். மோலியை நான்காம் வாரம் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் "ஒரே ஒரு ஜோடி கப்பி கிடைத்தது" என்று தனித்தொட்டியில் சேர்த்தால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், எல்லா மீனுக்கும்.

தினமும் லைட் போடும் முன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பொன்தூள் தூவினாற்போல் மினுங்கினால் வெல்வெட் என்னும் ஒட்டுண்ணி நோய். அதற்கு முதல் சிகிச்சை தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டாக்குவது, அந்த ஒட்டுண்ணி வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும். ஒரு பக்கச் செவுள் மட்டும் மூடி மூச்சு விட்டால் செவுள் புழு. வெள்ளையாய், நூலாய், ஒட்டிக்கொண்டு தொங்கும் கழிவு இரண்டு நாள் தொடர்ந்தால் குடல் ஒட்டுண்ணி. மெட்ரோனிடசோல் பேச்சை அப்போது எடுக்கலாம்.

#18 — ரெட்டைவால்
கடைசி வாரத்துல ஒரு வேலை இருக்கு, பெரும்பாலும் விட்டுடறாங்க. தனித்தொட்டித் தண்ணி மாத்தும்போது புதுத் தண்ணிக்குப் பதிலா மெயின் தொட்டித் தண்ணி ஊத்துங்க. உங்க பழைய மீன் நோய் தெரியாம சுமக்கும், புது மீனுக்கு அது பழக்கம் இருக்காது. இந்த வாரம் புது மீன் சோர்ந்தா குற்றவாளி உங்க மெயின் தொட்டி.

அதே மாதிரி, மெயின்லேருந்து ஒரு ஆண் கப்பியை எடுத்து ரெண்டு வாரம் தனித்தொட்டியில விட்டுப் பார்க்கறவங்க உண்டு. அது நல்லா இருந்தா மொத்தமும் பத்திரம். கொஞ்சம் கல்நெஞ்சம் வேணும், நான் பரிந்துரைக்கலை, ஆனா பலன் உண்டு.

வலை, டியூப், பக்கெட் எல்லாம் தனித்தொட்டிக்கு வேற. சிவப்பு டேப் சுத்தி வைங்க. தினம் மெயின் வேலை முதல்ல, தனித்தொட்டி அப்புறம், கை கழுவறது கடைசி. கையில வெட்டு இருந்தா கிளவுஸ். மீன்ல வர்ற மைக்கோபாக்டீரியா மனுஷத் தோல்லயும் புண் போடும், மாசக்கணக்குல ஆறாது.

#19 — தொட்டிவாசி
எழுதி வெச்சுக்கிட்டேன். பார்சலைப் பத்து நாள் தள்ளிப் போட்டாச்சு, ஸ்பாஞ்ச் மெயின்ல ஓடுது. முடிஞ்ச பிறகு அந்த ஸ்பாஞ்சைத் திரும்ப மெயின்ல போட்டு வெச்சுக்கலாமா? உப்புத் தண்ணியை எங்க கொட்டறது?

#20 — கோட்டை_அகழி
ஏதாவது நோய் வந்து போயிருந்தா போடக் கூடாது. பிழிஞ்சு, ப்ளீச்சிங் கலந்த தண்ணியில 20 நிமிஷம், ஹைப்போ தண்ணியில ஒரு முக்கு, அப்புறம் மாடியில மூணு நாள் வெயில். நோயே வரலைன்னா நேரா மெயினுக்குப் போகலாம்.

தண்ணியைக் கழிவறையில கொட்டுங்க. உப்பு இருக்கிறதால மா, முருங்கை அடியில வேண்டாம். ஏரி, கால்வாய், கிணறு பக்கம் போகவே வேண்டாம். வேண்டாம்னு ஆன மீனையும் சேர்த்துத்தான் சொல்றேன், டேங்க் கிளீனர் (சக்கர் மீன்) நம்ம நீர்நிலையில ஏற்கனவே போதுமான அளவு பெருகிடுச்சு.